காலம் கடந்து திறந்த கதவு

சாரீரம் இயற்கை அளிப்பது. சாதகம் பாடகர் தம் உழைப்பால் தேடிக் கொள்வது. அரங்கமோ பிறர் கையில் இருப்பது. முதலிரண்டும் குறைவற வாய்த்திருந்தும், மூன்றாவது மறுக்கப்பட்டமையால் கலைஞர் ஒருவரின் வாழ்வு எவ்வாறு குறைப்பட்டுப் போகும் என்பதற்கு அமெரிக்கப் பாடகி மேரியன் ஆண்டர்ஸன் அம்மையாரின் சரித்திரமே தக்க சான்று. அவர் பெற்ற கௌரவங்களை எண்ணி மகிழ்வோர் பலர். அவர் இழந்ததையும், அவ்விழப்பால் உலகம் இழந்ததையும் கணக்கிடுவோர் சிலரே. அக்கணக்கையே இன்று வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

ஆப்பரா என்பது இத்தாலி தேசத்தில் 16-ம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய இசை நாடகம். அதில் கதை முழுவதும் பெரும்பாலும் பாட்டாகவே நடைபெறும். பாடுவோருக்கு ஒலிபெருக்கியின் துணை கிடையாது. பெரிய வாத்தியக் கோஷ்டி முழங்கும்போது, அம்முழக்கத்தை ஊடுருவிச் சென்று, கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர் செவியிலும் குரல் விழ வேண்டும். மூச்சை அடக்கி அளவாகச் செலவிடுதல், உயிரொலிகளைத் தூய்மையாக ஒலித்தல், இத்தாலியம், ஜெர்மன், பிரெஞ்சு ஆகிய பாஷைகளைப் பொருளுணர்ந்து உச்சரித்தல், பாடிக் கொண்டே நடித்தல் ஆகிய யாவும் பல வருஷ சாதகத்தினால் கைகூடுபவை. பெண்குரல்களில் மிகத் தாழ்ந்ததற்குக் 'கண்ட்ரால்டோ' என்று பெயர். ஆண்டர்ஸன் அம்மையாரின் சாரீரம் அந்த அபூர்வ வகையைச் சேர்ந்தது.

அவர் 1897-ம் வருஷம் பிலடெல்பியா நகரில், கறுப்பு இனத்தைச் சேர்ந்த உழைப்பாளிக் குடும்பமொன்றில் பிறந்தார். பாலியத்திலேயே தந்தையை இழந்தார். தாயார் துணி வெளுத்தும் பிறர் இடங்களைச் சுத்தம் செய்தும் மூன்று பெண்களைக் காப்பாற்றினார். குழந்தை மேரியனுக்கு முதற் சங்கீதக் கல்லூரி யூனியன் பாப்டிஸ்ட் சர்ச்சின் பாடகர் குழுவே. உயர்ந்த குரலாயினும் தாழ்ந்த குரலாயினும், அன்று வராதவர் எவரோ அவருடைய பகுதியை அச்சிறுமியே பாடிவிடுவார் என்று சொல்லுவர்.

வாலிபப் பருவம் எய்தியதும், அந்நகரத்துச் சங்கீதப் பள்ளியொன்றில் சேர விரும்பிச் சென்றார். வரிசையில் நின்ற அவரை விட்டுவிட்டுப் பின்னால் நின்றோரையெல்லாம் அழைத்தார்கள். கடைசியில் அவருடைய நிறத்தைக் காட்டி, இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் பாடக் கேட்கவும் இல்லை.

பள்ளி கைவிட்ட பெண்ணைச் சர்ச்சின் ஏழை ஜனங்கள் கைவிடவில்லை. காசு காசாகச் சேர்த்தும், நிதிக் கச்சேரி நடத்தியும், ஜியூஸெப்பே பொகெட்டி என்னும் ஆசிரியரிடம் பாடம் கேட்க வழி செய்தார்கள். புதிய மாணவரை ஏற்பதற்கில்லை என்றிருந்த அவ்வாசிரியர், ஒரு பாட்டைக் கேட்டதும் மனம் மாறி ஏற்றுக் கொண்டார்.

சாதகத்தின் பாதை மேடுபள்ளமின்றி இருக்கவில்லை. 1924-ல் நியூயார்க் டவுன் ஹால் கச்சேரி தோல்வியுற்றது. பொருள் முற்றும் விளங்காத ஜெர்மன் பாட்டுக்களைப் பாடினார் என்பது விமர்சகர்களின் குறை. மனமுடைந்து பாட்டையே விட்டுவிடவும் எண்ணினார். எனினும் மறு வருஷமே, ஏறக்குறைய 300 பேர் கலந்து கொண்ட நியூயார்க் பில்ஹார்மானிக் போட்டியில் முதலிடம் பெற்றார். பின்னர் ஐரோப்பா சென்று, பெர்லின் நகரில் தங்கி, ஜெர்மன் பாஷையை முறையாகப் பயின்றார். ஸ்வீடன், பின்லாந்து முதலிய தேசங்களில் ஜனங்கள் திரண்டு வந்து கேட்டார்கள். 1935-ல் ஸால்ஸ்பர்க் நகரில் அவர் பாடியதைக் கேட்ட மேதை தொஸ்கனினி, நூறு வருஷங்களுக்கு ஒரு முறையே கேட்கக் கிடைக்கும் சாரீரம் என்று வியந்தார்.

நிற்க. இவ்வளவு கீர்த்தியோடு தாய்நாடு திரும்பியவருக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்ப்போம். 1939-ல் வாஷிங்டன் நகரத்துக் கான்ஸ்டிடியூஷன் ஹாலில் அவர் பாடுவதற்கு, மண்டபத்தின் சொந்தக்காரர்களான 'அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்' என்னும் சங்கத்தார் இடமளிக்க மறுத்தனர். ஜனாதிபதியின் பத்தினியார் எலினார் ரூஸ்வெல்ட் அச்சங்கத்திலிருந்து ராஜிநாமாச் செய்தார். ஏப்ரல் 9-ந் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, லிங்கன் நினைவாலயத்தின் படிகளில் நின்று அம்மையார் பாடினார். மண்டபத்துக்குள் அடங்கக் கூடியவர் ஏறக்குறைய 4,000 பேர். வெளியில் திரண்டு நின்று கேட்டவரோ 75,000 பேர். ரேடியோ வாயிலாகக் கேட்டவர் அதற்கும் பன்மடங்கு.

ஆனால் ஆப்பரா அரங்கத்தின் கதவு அப்போதும் திறக்கவில்லை. நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆப்பரா 1883-ல் தொடங்கியது. 72 வருஷ காலம் கறுப்பு இனத்துப் பாடகர் எவரும் அங்கே முக்கிய வேஷம் ஏற்றதில்லை. 1955-ம் வருஷம் ஜனவரி 7-ந் தேதி, நிர்வாகி ருடால்ப் பிங் அழைத்ததன் பேரில், வெர்டி இயற்றிய 'முகமூடி நடனம்' என்னும் நாடகத்தில் குறிசொல்லும் உல்ரிகாவாக அம்மையார் தோன்றினார். திரை உயர்ந்ததும், அவர் வாய் திறக்கு முன்னரே சபை கரகோஷம் செய்தது. தாம் அன்று நடுங்கியதாக அவரே பின்னர் எழுதினார். அப்போது அவருக்கு வயது 57. ஒரே காட்சியில் வந்து போகும் வேஷம் அது. அவ்வரங்கில் அதைத் தவிர வேறு வேஷம் அவர் ஏற்கவேயில்லை.

அவர் கச்சேரிப் பாடகியே, நடிப்புப் பயிற்சி இல்லாதவர், ஆகையால் ஆப்பரா அவரை அழைக்காததில் பிழையென்ன என்று வாதிப்போர் உண்டு. நடிப்பு மேடையில் அன்றோ கற்கப்படுகிறது? மேடையை மறுத்துவிட்டு மேடைப் பழக்கம் இல்லையென்று குறை கூறுவது, குளத்தில் இறங்காதே என்று தடுத்துவிட்டு நீந்தத் தெரியாதவன் என்று ஏசுவதை ஒக்கும். ருஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, அம்மையார் மாஸ்கோ சென்றிருந்தபோது 'கார்மென்' வேஷத்துக்குத் தாமே பயிற்சி அளிக்க முன்வந்தார் என்பதை இவ்வாதிகள் கவனிக்க வேண்டும். அது கைகூடு முன் அவர் காலமாகிவிட்டார்.

உரிய பருவத்தில் கதவு திறந்தால் விளையும் பயன் என்ன என்பதற்கும் சாட்சியம் உண்டு. கறுப்பு இனத்தவரான லியான்டின் பிரைஸ் அம்மையார் 1961-ல், 33-வது வயதில், அதே மெட்ரோபாலிடன் அரங்கில் முதன்முறையாகப் பாடினார். 1985-ல் 'ஐதா' நாடகத்தோடு ஆப்பராவிலிருந்து விடைபெறும் வரை அவ்வரங்கின் பெருமைகளில் ஒருவராய் விளங்கினார். ஆண்டர்ஸன் அம்மையாருக்கு 33 வயதான வருஷம் 1930. அவ்வருஷம் முதல் அவர் பாடியிருக்கக்கூடிய நாடகங்களை எந்த இசைத்தட்டிலும் இனி நாம் கேட்க முடியாது.

1957-ல் அமெரிக்க அரசாங்கம் அவரைத் தன் நல்லெண்ணத் தூதராக ஆசியா எங்கும் அனுப்பிற்று. நம் தேசத்துக்கும் வந்து, டில்லியில் காந்தியடிகளின் நினைவிடத்தில் பாடினார். உலகுக்குத் தன் பெருமையாகக் காட்டிய அப்பாடகிக்கு, அந்நாட்டின் தலையாய ஆப்பரா அரங்கம் இரண்டு வருஷங்களுக்கு முன்னர்தான் இடம் தந்திருந்தது! 1963-ல் ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் அளித்தார்கள். 1965-ல் கார்னகி மண்டபத்தில் விடைபெற்றார். 1993-ல், 96-வது வயதில் காலமானார்.

பதக்கங்களை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சாரீரத்துக்குப் பருவம் உண்டு. கதிர் முற்றிய பின் பெய்யும் மழை பயிருக்கு உதவாது. பள்ளியின் வாயிலிலும் அரங்கத்தின் வாயிலிலும் அதிகாரம் வகித்து நிற்போர், வருபவரின் பிறப்பையும் நிறத்தையும் விசாரிக்கு முன், ஒரு பாட்டையாவது பாடச் சொல்லிக் கேட்கட்டும். பொகெட்டி செய்தது அவ்வளவே. அப்பள்ளி செய்யத் தவறியதும் அதுவே.