ஆய்வுத் தரவும் பொதுக் களஞ்சியமும்

கல்வி கொடுக்கக் குறையாத செல்வம் என்பர் ஆன்றோர். ஆயினும், கொடாது பூட்டி வைத்த அறிவு அழிந்தும் போவதுண்டு. பழந்தமிழ் ஏடுகள் பல செல்லுக்கு இரையானமை தமிழ் பயின்றார் யாவரும் அறிந்ததே. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் அரிதின் முயன்று சுவடிகளைத் தேடி, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார்கள். சிலரிடம் முடங்கிக் கிடந்த நூல் பலர் கைக்குச் சென்றமையாலேயே நிலைபெற்றது. இக்காலத்து ஆராய்ச்சிக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

ஆய்வுத் தரவு எனப்படுவது யாது? ஆராய்ச்சியாளர் தம் முடிவை எழுதுமுன் திரட்டிய மூலப்பொருளே அதுவாம். லயந்தோறும் சென்று நிரப்பிய வினாக்கொத்து, முதியோர் பாடிய பாடலைப் பதிந்த ஒலிநாடா, நாடோறும் குறித்த மழையளவு, படியெடுத்த தோட்டப் பெயர்ப்பதிவு என்பன அவ்வகையின. கட்டுரை சமைத்த சோறாயின், தரவு களத்து நெல்லாகும். நெல் உளதாயின் பிறரும் சமைப்பர். முன்னவர் அளவு சரியோ எனச் சோதித்தும் பார்ப்பர்.

பதிவின் அருமையை மலையக மக்களைவிட நன்கறிந்தார் யாவர்? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நம்மவருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டமோ, 1946 சனவரி 1ஆந் திகதிக்கு முன்னர், விவாகமானோர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வதிந்தமையை நிறுவுமாறு கேட்டது. தோட்டக் கந்தோரில் இருந்த ஒரு வரிப் பதிவும் பலருக்கு வாழ்வா தாழ்வா என்னும் வினாவாயிற்று.

மக்கள் வாய்மொழியும் அவ்வாறே பேணத்தக்கது. தலவாக்கலைத் தொகுதியின் முன்னாட் பாராளுமன்ற உறுப்பினரும் கவிஞருமாகிய சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தோட்டப் பாடல்களைக் கேட்டுக் கேட்டுத் தொகுத்தார்கள். அத்தொகுப்பு நூலாக வந்தமையாலன்றோ இன்று நாமும் அவற்றைக் கற்கின்றோம்! எழுதப்படாத பாடல்கள் பாடினாரோடு மறைந்தன.

ஒரே கட்டிடத்தில் வைத்துக் காப்பதும் போதாது. 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அரிய சுவடிகளும் அவற்றோடு அழிந்தன. 2005இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் விழா மலர்களையும் மின்வருடி, எவரும் கட்டணமின்றிப் படிக்க வைத்துள்ளது. ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையம் 2013இல் தொடக்கிய ‘செனோடோ’ என்னும் களஞ்சியமோ, எந்நாட்டு ஆய்வாளர் தரவையும் இலவசமாய் ஏற்று, ஒவ்வொன்றுக்கும் மாறாத அடையாள எண் வழங்குகின்றது. அவ்வெண்ணைச் சுட்டிப் பின்வருவோர் மேற்கோள் காட்டலாம். தொகுத்தவர் உழைப்பும் மறைவதில்லை.

தரவை ஒப்படைப்போர் நான்கு இயல்புகளைக் கருதல் வேண்டும் என்று 2016இல் அறிஞர் பலர் கூடி வகுத்தனர். அவை, தேடுவோர் கண்டடையத்தக்கதாதல், அணுகத்தக்கதாதல், பிற தரவோடு இயையத்தக்கதாதல், மறுபடி பயன்படத்தக்கதாதல் என்பன. இவற்றுக்கு அடிப்படை விவரக்குறிப்பே. எத்தோட்டம், எவ்வாண்டு, யார் பதிந்தது, எம்முறையால் என்னுங் குறிப்பில்லாத ஒலிநாடா, முகவரியில்லாக் கடிதம் போன்றது.

திறந்து வைத்தல் என்பது எல்லாவற்றையும் அம்பலப்படுத்தலன்று. ஒரு தாய் தன் கடனையும் நோயையும் நம்மை நம்பிச் சொல்லியிருப்பாள். அவள் பெயரையும் லயத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் நீக்கி, அவள் சம்மதித்த அளவே வெளியிடுதல் முறை. சிறு தோட்டமாயின், பெயரை நீக்கினும் ஆளை அயலார் அறிந்துகொள்வர் என்பதையும் மறத்தலாகாது.

நம் பழைய மாணவருட் பலர் பட்ட ஆய்வுக்கென ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் தரவு திரட்டியவர்கள். அவை இன்று பழைய கணினியிலும் அலுமாரி மூலையிலும் உறங்குகின்றன. கணினி பழுதடையும், கடதாசி மலைநாட்டு ஈரத்திற் பூஞ்சணம் பிடிக்கும், பேட்டி தந்த முதியவரோ மீண்டும் வாரார். விழா ஆண்டு முடியுமுன் ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள ஒரு தொகுதியையேனும் ஒழுங்குசெய்து, விவரக்குறிப்பு எழுதி, பொதுக் களஞ்சியத்தில் ஒப்படைப்பாராக. இளைய மாணவர் இம்மலரிலிருந்தே அப்பணியைத் தொடங்கலாம்.