கொட்டிவாக்கமும் கூட்டு மூலதனமும்

சென்னைப் பட்டணத்திற்குத் தெற்கே, திருவான்மியூரைக் கடந்தவுடன், கிழக்கே வங்கக் கடலுக்கும் மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் நிலத்துண்டே கொட்டிவாக்கம். முன்னாளில் அது மீனவர் வாழும் கடற்கரைக் கிராமம். 2011-ம் வருஷத்தில் மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டது. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறமும் அடுக்குமாடி வீடுகள் எழும்பி நிற்கின்றன. கால்வாய்க்கு அப்பால், பழைய மகாபலிபுரம் சாலையில், கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடி மாளிகைகள் பளபளக்கின்றன. ஆயினும் குப்பம் இன்னும் இருக்கிறது. விடியுமுன் படகு தள்ளும் மீனவனும், அவன் கொண்டுவரும் மீனைக் கூடையில் சுமந்து விற்கும் அவன் மனைவியும் இருக்கிறார்கள்.

இந்தச் சிற்றூரைப் பற்றி இன்று நாம் எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. உலகமெங்கும் சீதோஷ்ண நிலை மாறி வருகிறது என்பதும், மனிதர் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் வெளியிடும் கரிவாயுவே அதற்கு முக்கிய காரணம் என்பதும் இப்போது தர்க்கத்திற்கு உரிய விஷயங்கள் அல்ல. அக்கேட்டைக் குறைக்கவும், வந்துவிட்ட கேட்டைத் தாங்கவும் புதிய யந்திரங்களையும் புதிய முறைகளையும் கண்டுபிடிக்கும் இளைஞர்கள் நாடெங்கும் தோன்றி, ‘ஸ்டார்ட் அப்’ என்று வழங்கும் புதுத்தொழில் ஸ்தாபனங்களை ஆரம்பிக்கிறார்கள். அவர்களுக்கு மூலதனமும் துணையும் தருவதற்கு நம்மவர்கள் ஒரு சங்கமாகக் கூடக் கூடாதா என்பதே நமது கேள்வி. அப்படிக் கூடுவதற்குக் கொட்டிவாக்கத்தைவிடத் தகுந்த இடம் தமிழ்நாட்டில் அநேகமில்லை என்பது நமது அபிப்பிராயம்.

கஷ்டமும் கல்வியும் அருகருகே

கஷ்டத்தை முதலில் கவனிப்போம். 2015-ம் வருஷம் டிசம்பரில் அடையாற்று வெள்ளம் நகரத்தை மூழ்கடித்ததை யாரும் மறந்திருக்க முடியாது. நான்கு வருஷங்கள் கழித்து, 2019-ம் வருஷக் கோடையில், நகரத்திற்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டன. பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்த கம்பெனிகள் சில, தண்ணீரில்லாமையால் தங்கள் சிப்பந்திகளை வீட்டிலிருந்தே வேலை செய்யும்படி சொல்ல நேர்ந்தது. 2023-ம் வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மீண்டும் நீரில் மிதந்தன. மழை நீரைத் தாங்கிக் கொள்ள வேண்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமோ, பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. 2022-ல் அதற்கு ராம்சார் ஸ்தலம் என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது; ஆனால் இழந்த நிலம் அங்கீகாரத்தால் திரும்பி வராது. ஒரு வருஷம் வெள்ளம், ஒரு வருஷம் வறட்சி என்று இரண்டு கேடுகளும் ஒரே ஊரை மாற்றி மாற்றித் தாக்குகின்றன.

இனிக் கல்வியைக் கவனிப்போம். கொட்டிவாக்கத்திலிருந்து ஏறக்குறைய ஐந்து மைல் வட்டாரத்திற்குள் உள்ள ஸ்தாபனங்களை எண்ணிப் பார்த்தால் வாசகர்கள் வியப்படைவார்கள். 1959-ல் தோன்றிய இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஒன்று. அதைச் சார்ந்து தரமணியில் 2010-ல் திறக்கப்பட்ட ஆராய்ச்சிப் பூங்கா ஒன்று. அதே தரமணியில், நெல்லையும் கடற்கரை மக்களின் ஜீவனத்தையும் ஆராயும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1988 முதல் நடந்து வருகிறது. பள்ளிக்கரணையிலே காற்றுச் சக்தியை ஆராயும் தேசிய நிறுவனமும், கடல் தொழில்நுட்பத்தை ஆராயும் தேசிய நிறுவனமும் இருக்கின்றன. கடலின் மேல்நீருக்கும் அடிநீருக்கும் உள்ள உஷ்ண வித்தியாசத்தைக் கொண்டு குடிநீர் எடுக்கும் நிலையத்தை 2005-ல் லக்ஷத்தீவின் கவரத்தியில் அமைத்தது இந்தக் கடல் நிறுவனமே. காற்று, கடல், பயிர், யந்திரம் என்ற நான்கு துறை நிபுணர்களும் ஒரே பேட்டையில் வசிக்கிறார்கள். அவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கிறார்களா, குப்பத்து மீனவனைச் சந்திக்கிறார்களா என்பதுதான் சந்தேகம்.

பணமும் இங்கே இல்லாமல் போகவில்லை. வெளிநாடுகளில் உழைத்துச் சேர்த்துத் திரும்பியவர்களும், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற எஞ்ஜினீயர்களும், கம்பெனிப் பங்குகளில் லாபம் கண்டவர்களும் இக்கடற்கரையில் ஏராளம். அப்பணம் மனையிலும் தங்கத்திலும் முடங்கிக் கிடக்கிறது. அறிவு ஒரு தெருவிலும், பணம் மறு தெருவிலும், கஷ்டம் மூன்றாம் தெருவிலும் இருக்க, மூன்றும் ஒன்றையொன்று அறியாதிருப்பதே நமது குறை.

கைவிட்டுப் போன கதை

இக்குறையால் நேருவதற்கு ஓர் உதாரணம் போதும். தருண் மேத்தா, ஸ்வப்நில் ஜெயின் என்ற இரு இளைஞர்கள் சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் படித்தவர்கள். 2013-ல் ‘ஏதர் எனர்ஜி’ என்ற பெயரால் மின்சார ஸ்கூட்டர் செய்யும் முயற்சியை இங்கேயே தொடங்கினார்கள். 2014-ல் அவர்களுக்கு 10 லட்சம் டாலர் கொடுத்துத் தாங்கியவர்கள் பெங்களூரில் ஃபிளிப்கார்ட் வியாபாரத்தை நிறுவிய சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் ஆவர். கம்பெனியும் பெங்களூரிலேயே நிலைகொண்டது. பின்னால் அதன் தொழிற்சாலை நமது ஓசூருக்கு வந்தது உண்மையே. 2025-ம் வருஷம் மே மாதத்தில் அதன் பங்குகள் பொதுச் சந்தைக்கு வந்தன. விதை இங்கே முளைத்தது. நிழல் வேறிடத்தில் விழுந்தது. இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். பெங்களூர் நண்பர்கள் மேல் நமக்குப் பொறாமையும் இல்லை. நம் கண்ணெதிரே முளைத்ததை நம்மவர்களில் எத்தனை பேர் அறிந்திருந்தோம் என்று மட்டும் கேட்கிறோம்.

இக்கதையில் இன்னொரு பாடமும் உண்டு. தொடக்கத்திற்கும் சந்தைக்கும் நடுவே 12 வருஷங்கள் சென்றன. சந்தைக்கு வந்த வேளையிலும் கம்பெனி நஷ்டக் கணக்கையே காட்டியது. இத்தகைய தொழிலில் போடும் பணம், வாழை வைத்தவன் பணமல்ல. தென்னை வைத்தவன் பணம். பொறுமையில்லாதவன் இதில் இறங்கலாகாது.

பழைய பாடங்கள்

பலர் கூடிப் பணம் போட்டுப் பொது நன்மைக்காகத் தொழில் நடத்துவது தமிழருக்குப் புதிய வித்தையல்ல. 1906-ல் தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஒரே கோடீசுவரனைத் தேடாமல் ஆயிரம் சாமானியர்களைத் தேடிய அந்த ஏற்பாட்டின் பெருமையை இன்றும் நாம் முற்றும் உணரவில்லை. எதிரிக் கம்பெனி கட்டணத்தை இறக்கிற்று. கடைசியில் பிரயாணிகளை இலவசமாக ஏற்றவும் துணிந்தது. 1908-ல் பிள்ளையவர்கள் சிறை சென்றார்கள். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. தேசபக்தி கப்பலை வாங்கிக் கொடுத்தது. ஆனால் விலைப் போரைத் தாங்குவதற்கு வேண்டிய சேமிப்பு மூலதனத்தை அதனால் கொடுக்க முடியவில்லை. உணர்ச்சி வேண்டும், அதனுடன் ஐந்து வருஷ நஷ்டத்தைத் தாங்கும் கையிருப்பும் வேண்டும்.

அதே 1906-ல் சென்னையில் ஆர்பத்நாட் என்ற வெள்ளைக்கார லேவாதேவி ஸ்தாபனம் முறிந்து, ஏராளமான குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. அழுதுகொண்டிருக்காமல், மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயன்று மறுவருஷமே இந்தியன் பாங்கியை நிறுவினார்கள். அதற்கு மூன்று வருஷம் முன், 1904-ல், திருவல்லிக்கேணியில் சிலர் கூடிக் கூட்டுறவுப் பண்டகசாலை ஆரம்பித்தார்கள். மயிலாப்பூரில் பரஸ்பர சகாய நிதி 1872-லேயே தோன்றிவிட்டது. ஆகவே கணக்கு வைக்கவும், நம்பிக்கையைக் காக்கவும் இந்நகரத்தார் அறிந்தவர்களே.

நமது காலத்து உதாரணம் வேண்டுமானால் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறைப் பஞ்சாயத்தைச் சொல்லலாம். 2006-ல் அந்தப் பஞ்சாயத்து, தன் சேமிப்பும் பாங்கிக் கடனுமாக 1 கோடியே 55 லட்சம் ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் வாங்கி நிறுத்தியது. தெருவிளக்குக்கும் குடிநீர்ப் பம்புக்கும் வேண்டிய மின்சாரம் போக, மிச்சத்தை மின்சார வாரியத்திற்கு விற்றுக் கடனை அடைத்தது. கொங்கு நாட்டு நூல் மில்காரர்களும் இவ்வாறே கூட்டாகக் காற்றாலைகளில் பணம் போட்டிருக்கிறார்கள். உபயோகிப்பவர்கள் கூடி 26 சதவீதப் பங்காவது வைத்து, உற்பத்தியில் 51 சதவீதமாவது தாங்களே செலவழித்தால் அது சொந்த உற்பத்தியாகக் கருதப்படும் என்று 2005-ம் வருஷத்து மின்சார விதிகள் இடம் கொடுத்தன. இன்று தமிழ்நாட்டில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நிற்பதற்கு இந்த வகைப் பங்காளிகளும் ஒரு காரணம்.

எச்சரிக்கை

‘இதெல்லாம் பணக்காரர்களின் சூதாட்டம், ஏழைக்கு இதில் என்ன?’ என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. லாபம் மேட்டுத் தெருவுக்கும், மணல் அரிப்பும் வெள்ளமும் குப்பத்துக்கும் என்று முடியுமானால் அத்தகைய சங்கம் நமக்கு வேண்டாம். அன்றியும், ஆசை வார்த்தையை நம்பிப் பணமிழந்த அனுபவமும் நமக்குக் கொஞ்சமல்ல. 2012-ல் கொங்கு நாட்டில் ஈமு கோழித் திட்டங்களில் பணம் போட்டவர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பார்த்தால் போதும். ‘பசுமை’ என்ற சொல்லைப் பூசிக்கொண்டு அதேபோன்ற மோசடிகள் நாளை வரமாட்டா என்று யார் ஜாமீன் தருவது?

சட்டமும் சில வேலிகளைப் போட்டிருக்கிறது. தனியார் கம்பெனி 200 பேருக்கு மேல் பங்காளிகளை வைத்துக் கொள்ளலாகாது. பொது ஜனங்களிடம் பங்கு கேட்கவும் கூடாது. புதுத்தொழில்களுக்குக் கூட்டாகப் பணம் கொடுக்கும் நிதிகளையும் ‘செபி’ ஸ்தாபனம் விதிகளால் கட்டியிருக்கிறது; போதிய சொத்துள்ளவர்களே அவற்றில் சேரலாம். இவ்வேலிகள் நல்லதற்கே. வாடகையும் வயிறும் பார்க்க வேண்டிய சம்சாரி, தன் சேமிப்பை இதில் கொட்டக் கூடாது. ஆனால் பங்கு வாங்க முடியாதவன் வெறும் பார்வையாளனும் அல்ல. புதுத்தொழிலுக்கு முதல் மூலதனத்தைப் போலவே முதல் வாடிக்கையும் அவசியம். பங்குக்காரன் பணம் கொடுத்தால் ஓராண்டு ஜீவிக்கும். வாடிக்கைக்காரன் சாமான் வாங்கினால் அடுத்த பங்குக்காரன் தானே வருவான்.

செய்யத் தக்கவை

ஆகையால் நாம் சொல்லும் யோசனை எளியது. முதலாவது, மாதம் ஒரு முறை கொட்டிவாக்கத்தில் ஒரு கூட்டம் நடக்கட்டும். புதுத்தொழில் இளைஞர்கள், ஆராய்ச்சியாளர்கள், பணம் உள்ளவர்கள், அடுக்குமாடிச் சங்கக் காரியதரிசிகள், குப்பத்துப் பெரியவர்கள், மீன் விற்கும் பெண்கள் யாவரும் வரட்டும். அங்கே முதலில் பேச வேண்டியவர் கண்டுபிடித்தவரல்ல, கஷ்டப்படுகிறவர். பிடித்த மீன் வெயிலில் கெடாமலிருக்க ஐஸுக்கு எவ்வளவு செலவாகிறது, டீசலுக்கு எவ்வளவு போகிறது, கோடையில் லாரித் தண்ணீருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற கணக்குகளே ஆராய்ச்சிக்கு உண்மையான விதை.

இரண்டாவது, ஊரே பரீட்சைக் களமாகட்டும். 2024-ல் மத்திய சர்க்கார் ஏற்படுத்திய சூரிய வீட்டுத் திட்டத்தில் தனி வீட்டுக்கு 78,000 ரூபாய் வரையிலும், குடியிருப்புச் சங்கங்களின் பொது உபயோகத்திற்குக் கிலோவாட் ஒன்றுக்கு 18,000 ரூபாயும் சகாயம் கிடைக்கிறது. பத்து மாடிகள் ஒன்றாகச் சேர்ந்து சூரியத் தகடு வைத்தால் விலையும் இறங்கும், அனுபவமும் பெருகும். மழைநீர்ச் சேமிப்பு, கழிவுநீர்ச் சுத்தி, குளிர்பெட்டி ஆகிய எதுவாயினும், ஆறு மாதம் இங்கே ஓட்டிப் பார்த்து, பலனை உள்ளபடி வெளியிட வேண்டும். தோல்வியையும் மறைக்கலாகாது.

மூன்றாவது, பணம் போடக் கூடியவர்கள் சட்டத்திற்கு உட்பட்ட நிதியாகக் கூடட்டும். மாகாண சர்க்கார் ‘டான்சீட்’ என்ற விதை நிதி கொடுக்கிறது. 2022-ல் காலநிலை மாற்ற இயக்கம் ஒன்றையும் தொடங்கியது. மதுரையிலும் பிற ஊர்களிலும் உள்ளூர்ப் பணத்தை உள்ளூர்த் தொழிலுக்குத் திருப்பும் ‘நேட்டிவ்லீட்’ என்ற முயற்சி நடந்திருக்கிறது. இவற்றுடன் ஒட்டி நிற்பது உசிதம். ஒவ்வொருவரும் இழந்தால் தூக்கம் கெடாத தொகையையே போட வேண்டும். கணக்கு மூன்று மாதத்திற்கு ஒரு முறை சபையில் படிக்கப்பட வேண்டும்.

நான்காவது, குப்பத்தில் பரீட்சை நடத்தும் எந்தத் தொழிலும், அது பலித்தபின் குப்பத்தை மறக்கலாகாது. மீனவர் கூட்டுறவுச் சங்கத்திற்கு விலைச் சலுகையோ லாபத்தில் ஒரு பாகமோ முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல் கடற்கரை மணலில் எழுதிய எழுத்து.

நமது ராஜீய ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளம் வந்தபின் படகில் ஏறிச் சோற்றுப் பொட்டலம் கொடுப்பது நல்ல காரியமே. அதை நீங்கள் அன்புடன் செய்தீர்கள். ஊர் நினைவில் வைத்திருக்கிறது. வெள்ளம் வராத மாதங்களில் இருபது பேரை ஓர் அறையில் உட்கார வைத்து, ஒருவர் கணக்கை மற்றவர் கேட்கச் செய்வது அதைவிடக் கஷ்டமான ஊழியம். அதற்கு மாலையும் இல்லை, கோஷமும் இல்லை. ஆயினும் 1906-ல் 25 ரூபாய்ப் பங்குக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியவர்களின் வழி அதுவே. அன்று கப்பல் போயிற்று. இன்று போகக் கூடியது கரையும் நிலத்தடி நீரும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் முதல் கூட்டம் கூடுமா?