பெண்ணாகடத்துச் செம்பருத்தி

வெள்ளாற்றங்கரையிலுள்ள பெண்ணாடத்தைப் பழைய அடியார்கள் பெண்ணாகடம் என்றும், அவ்வூர்ச் சிவாலயத்தைத் திருத்தூங்கானை மாடம் என்றும் வழங்கினார்கள். இந்திரனுடைய பூஜைக்கு மலர் பறித்துவர அனுப்பப்பெற்ற தேவகன்னியர் இவ்வூர் நந்தவனத்தில் மயங்கி, பறித்த பூக்களை இங்கிருந்த லிங்கத்துக்கே சூட்டித் தங்கிவிட, அவர்களைத் தேடிவந்த காமதேனுவும், அதற்குப் பின் வந்த ஐராவதமும் அவ்வாறே திரும்பாமற்போகவே, பெண்ணும் ஆவும் யானையாகிய கடமும் கூடி ஊருக்குப் பெயராயின என்பது ஸ்தல புராணம். கருவறையின் பின்புறம் படுத்த யானையின் முதுகுபோல் வளைந்திருப்பதைப் பிரகாரம் சுற்றுவோர் இன்றும் காணலாம். பூப்பறிக்க வந்தவர்கள் திரும்பாத அந்த ஊரிலிருந்து நான் ஒருவாறு திரும்பினேன், ஈரத்துணியில் சுற்றிய மூன்று செம்பருத்திக் குச்சிகளோடு.

செம்பருத்தியின் குலத்தை அதன் பெயரே சொல்லிவிடுகிறது. பருத்தி, வெண்டை, பூவரசு, புளிச்சகீரை எல்லாம் இதற்குப் பங்காளிகள். தாவர அறிஞர் லின்னேயஸ் 1753-ல் இதற்குச் 'சீன ரோஜா' என்று பொருள்படப் பெயரிட்டார். ரோஜாவுக்கும் இதற்கும் யாதொரு உறவும் இல்லை. இதழைத் தேய்த்துச் சப்பாத்துக்கு மெருகேற்றிய வழக்கத்தால் இதைச் சப்பாத்துப்பூ என்பாரும் உண்டு. 1960-ல் மலாயா தன் தேசிய மலராக வரித்துக்கொண்டதும் இதையேதான்.

விடியற்காலையில் செடியருகே நின்று பாருங்கள். மடக்கிய குடையைப்போல் முறுக்கிக்கொண்டிருந்த மொட்டு மெல்ல அவிழ்ந்து, ஐந்து இதழ்களுக்கு நடுவே நீண்ட தண்டொன்றை வெளியே நீட்டுகிறது. அத்தண்டைச் சுற்றி மகரந்தப் பொடி, அதன் நுனியில் வெல்வெட்டுத் துணியில் வெட்டியெடுத்தாற்போன்ற ஐந்து சிவப்புப் பொட்டுகள். சாயங்காலத்துக்குள் எல்லாம் சுருண்டு மறுநாள் தரையில் கிடக்கும். இவ்வளவு ஆடம்பரம் இருந்தும், நம் வீடுகளிலுள்ள சிவப்புச் செம்பருத்தி பெரும்பாலும் காய்ப்பதில்லை, விதை வைப்பதில்லை. ஆகையால் ஒவ்வொரு செடியும் வேறொரு செடியிலிருந்து ஒடித்த குச்சிதான். யாரோ ஒருவர் கேட்டு, யாரோ ஒருவர் கொடுத்து, வீடு வீடாக வந்து சேர்ந்தது.

குச்சி பென்சில் கனமும் ஒரு சாண் நீளமும் இருந்தால் போதும். கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டி, அடியிலைகளைக் களைந்து, மணல் கலந்த மண்ணில் இரண்டு கணு புதையுமாறு ஊன்றி நிழலில் வைத்தால், ஒன்றரை மாதத்துக்குள் வேர் பிடித்துவிடும். மழைக்காலமே இதற்கு உசிதம். பிறகு வேண்டியது வெயில்; அரைநாள் வெயிலாவது விழாத இடத்தில் இலைதான் செழிக்கும், பூ வராது.

நந்தவனத்தில் எனக்குக் குச்சி கொடுத்த பண்டாரம், நீர் ஊற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கத்தியைப் பற்றித்தான் பேசினார். "வெட்டறதுக்குப் பயந்தீங்கன்னா பூ ஏதுங்க ஐயா?" என்றார். அவர் சொன்னது முற்றிலும் நியாயம். இச்செடி புதுத் துளிரின் நுனியில்தான் அரும்பு வைக்கிற சுபாவமுடையது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையெல்லாம் ஓய்ந்து தை பிறந்ததும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால், சித்திரைக்குள் பக்கக்கிளைகள் விட்டுப் பூத்துக் குலுங்கும். ஆனால் நீர் விஷயத்தில் அவருடைய மௌனத்தை நான் தவறாகப் புரிந்துகொண்டேன். அளவுகடந்த வாத்ஸல்யத்தால் தொட்டியில் இருவேளையும் நீர் ஊற்றி, ஒரு குச்சியை அழுகவைத்த பாவம் என்னைச் சேர்ந்தது. மேல்மண் காய்ந்த பிறகே ஊற்றவேண்டும். அதற்காகக் கோடையில் அடியோடு காயவிட்டால், மொட்டெல்லாம் உதிர்ந்துபோகும்.

தொல்லைகளில் பெரியது மாவுப்பூச்சி. கொழுந்து முறுக்கிக்கொண்டு, இடுக்குகளில் வெள்ளை மாவு தூவினாற்போல் இருந்தால் அதுவே அடையாளம். எறும்புச்சாரி தண்டில் ஏறுவதைக் கண்டால் சந்தேகமே வேண்டாம். பூச்சி கழிக்கும் தித்திப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. பப்பாளி மாவுப்பூச்சி என்ற அந்நிய இனம் 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் முதன்முதலாகக் காணப்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று வயல்களையெல்லாம் பாழாக்கியபோது, நம் செம்பருத்தி வேலிகளும் அதற்குப் புகலிடமாயின. மருந்தடித்து மாளாமல், 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குளவி இனத்தைச் சேர்ந்த மிகச் சிறிய ஒட்டுண்ணிகளைத் தருவித்தார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி ஊர் ஊராக விட்டது. கடுகினும் சிறிய அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிட, பொரித்த புழு அதை உள்ளிருந்தே தின்று தீர்த்துவிடுகிறது. சில மாதங்களில் உபத்திரவம் அடங்கிற்று. கடும் விஷத்தைத் தெளித்தால் பூச்சியோடு இந்த உபகாரியும் மடியுமாதலால், வீட்டுச்செடிக்கு நான் அதைச் செய்வதில்லை. பீடித்த நுனியை வெட்டி எரித்து, தண்ணீரைப் பீய்ச்சியடித்து, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்பு நீரில் கலந்து மாலையில் தெளிப்பதோடு சரி.

மூன்றில் எஞ்சிய இரண்டும் இப்போது ஆளுயரம் வளர்ந்திருக்கின்றன. எதிர்வீட்டு அம்மாள் மதில்மேல் எட்டிப்பார்த்து, ஆடி பிறந்ததும் ஒரு குச்சி வேண்டுமென்று சொல்லிவைத்திருக்கிறார்.