தொலைந்த செல்லப்பிராணி வீடு திரும்ப வேண்டுமா?

சிங்கப்பூரில் வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் மைக்ரோசிப் எனப்படும் நுண்சில்லும் கட்டாயம். 2024 செப்டம்பர் 1 முதல் பூனைகளுக்கும் உரிமத் திட்டம் நடப்பில் உள்ளது.

நுண்சில்லு அரிசி மணி அளவே இருக்கும். கால்நடை மருத்துவர் அதை ஊசிமூலம் தோலுக்கடியில் செலுத்துவார். அதில் பேட்டரி இல்லை. பிராணி எங்கே இருக்கிறது என்பதை அது காட்டாது. ஓர் அடையாள எண் மட்டுமே அதில் உண்டு.

தொலைந்த பிராணி கிடைத்ததும், கருவிமூலம் அந்த எண்ணைப் படித்து, பதிவிலுள்ள உரிமையாளரைத் தொடர்புகொள்வார்கள். பதிவில் இருப்பது உங்கள் பழைய தொலைபேசி எண் என்றால் அழைப்பு உங்களுக்கு வராது.

எனவே, முகவரியோ தொலைபேசி எண்ணோ மாறினால், தேசியப் பூங்காக் கழகத்தின் செல்லப்பிராணி உரிம இணையத்தளத்தில் உடனே திருத்துங்கள். சிரமமாக இருந்தால் பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ உதவச் சொல்லுங்கள்.