காய்ப்பு மறைந்த கைகள்

கூம்சன் என்றொரு மந்திரி. கானா நாட்டு எழுத்தாளர் அயி குவெய் ஆர்மா 1968-இல் வெளியிட்ட நாவலிலே வருகிறவர். கற்பனை மனிதர்தான், ஆனாலும் கட்சிக்கு உழைக்கும் தோழர்கள் அனைவரும் அவரை அறிந்து வைத்திருப்பது நல்லது.

யார் இந்தக் கூம்சன்? சீமான் வீட்டுச் செல்லப் பிள்ளையா? இல்லை! இரயில்வேயிலே வேலை பார்த்தவர். துறைமுகத்திலே கயிறு இழுத்துக் கை காய்த்தவர். வெள்ளையர் ஆட்சியை விரட்டிய தேசியக் கட்சியிலே சேர்ந்தார். 1957 மார்ச் 6-இல் கானா விடுதலை பெற்றது. கூம்சன் மந்திரியானார்.

அவரோடு படித்தவன் ஒருவன், இரயில்வே குமாஸ்தா. மந்திரியின் கையைக் குலுக்குகிறான், திகைக்கிறான். பஞ்சாக இருக்கிறது கை! மக்களுக்காகப் பாடுபடும் கை முன்னிலும் உரமேறியிருக்க வேண்டாமா?

பேச்சிலே சமதர்மம், வீட்டிலே சீமைச் சரக்கு! மீன்பிடிப் படகு வாங்க மந்திரிக்கு ஆசை. தம் பெயரில் வாங்கினால் வம்பு. ஆகவே குமாஸ்தாவின் மனைவியிடம் கையெழுத்து வாங்கினார். அந்த ஏழைக் குடும்பம் கண்ட பலன்? சில நாள் கொஞ்சம் மீன். பிறகு அதுவும் நின்றது.

கதைதானே என்று தள்ளிவிட முடியுமா? கதை நடக்கும் அதே தாக்கொராடியிலும் பக்கத்துச் செகாண்டியிலும், 1961 செப்டம்பரில் இரயில்வே, துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கட்டாயச் சேமிப்பு என்று சம்பளத்தில் 5 சதவிகிதம் பிடிக்க வந்தது நிக்ருமா அரசு. எதிர்த்து நின்ற தொழிலாளர் தலைவர்களுக்குக் கிடைத்தது விசாரணையற்ற சிறை! எந்தத் தோள்கள் ஏற்றி வைத்தனவோ, அந்தத் தோள்கள் மீதே அடி!

1966 பிப்ரவரி 24-இல் பட்டாளம் அந்த அரசைக் கவிழ்த்தது. நாவலிலே கூம்சன் உயிருக்கு அஞ்சிக் குமாஸ்தா வீட்டுக்கு ஓடி வருகிறார். முன்பு விருந்துக்கு வந்தபோது நாற்றம் தாளாமல் திரும்பி வந்தாரே, அதே எடுப்புக் கக்கூசின் ஓட்டை வழியாகத்தான் நுழைந்து தப்புகிறார்!

கைகொட்டிச் சிரிக்கலாம், சிரிப்போடு நிறுத்தினால் பாடம் பாதிதான். மறுநாளே புதிய ஆட்சியின் போலீஸ்காரர், சாலையிலே பஸ்ஸை மறித்து லஞ்சம் வாங்குகிறார். ஆள் போனார், வழக்கம் போகவில்லை.

ஏன் போகவில்லை? கூம்சன் தாமாக முளைத்தவரல்லர். அவருடைய காரைக் கண்டு ஊர் வாய் பிளந்தது. லஞ்சத்தைத் தொட மறுத்த குமாஸ்தாவையோ, பிழைக்கத் தெரியாதவன் என்று அவன் வீட்டாரே இகழ்ந்தனர். நேர்மையை ஏளனம் செய்து, ஆடம்பரத்துக்கு ஆரத்தி எடுக்கும் ஊரிலே கூம்சன்கள் விளையாமல் வேறென்ன விளையும்?

தலைவருக்கு மாலை சூட்டும்போது நாம் கழுத்தைத்தான் பார்க்கிறோம். இனிக் கையையும் பார்ப்போம்!