தெய்வம் இல்லாத மேடுகள்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் சந்தவாசலுக்கு மேற்கே, ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது படவேடு. ரேணுகாம்பாள் கோயில் என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. ஆடி மாதத்துக் கூட்டத்தைச் சொல்லி முடியாது. அம்மனைக் கும்பிட்டுவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், தாங்கள் மிதித்து வந்தது ஒரு ராஜதானி என்று?

ஊரின் பழைய பெயர் படைவீடு. அதாவது, சேனை தங்கும் பாசறை. சோழருக்கு அடங்கிய சிற்றரசர்களாயிருந்த சம்புவராயர்கள், 14-ஆம் நூற்றாண்டில் சுதந்திர மன்னர்களாக இங்கிருந்து ஆண்டார்கள். கீழே சமவெளியில் நகரமும் கோட்டையும். மேலே ராஜகம்பீரன் மலையில் ஒரு துர்க்கம். கீழே தோற்றால் மேலே ஏறிக்கொள்ளலாம்!

இந்த யுக்தி நம்மவர்களுக்கு மட்டும் தோன்றியதல்ல. 1066-ல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள், குன்று இல்லாத இடத்தில் அகழி வெட்டிய மண்ணைக் குவித்துக் குன்று செய்தார்கள். உச்சியில் மரக் கோபுரம்; அடியில் வேலி அடைத்த முற்றம். மரம் மக்கிவிட்டது, மேடு நிற்கிறது. அவற்றில் பலவற்றை அங்கே சட்டம் போட்டுக் காக்கிறார்கள்.

சுமார் 1360-ல் விஜயநகர இளவரசர் குமார கம்பணர் படையெடுத்து வந்தார். சம்புவராயர் மலைக்கோட்டையில் புகுந்ததையும், கம்பணர் அதை முற்றுகையிட்டு வென்றதையும் 'மதுரா விஜயம்' என்ற வடமொழிக் காவியத்தில் எழுதியிருப்பவர் கம்பணரின் மனைவி கங்காதேவி. கணவரின் சண்டையை மனைவி காவியமாக்குவது எல்லார் வீட்டிலும் நடக்கிற காரியமா?

பின்பு படைவீடு விஜயநகரத்தின் ஒரு ராஜ்யமாயிற்று. இந்த ராஜ்யத்துப் பிராம்மணர்கள் சேர்ந்து செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம் 1425-ஆம் ஆண்டுக் கல்வெட்டாக விரிஞ்சிபுரம் கோயிலில் இருக்கிறது. கல்யாணம் கன்னிகாதானமாகவே நடக்கவேண்டும். பெண்ணுக்குப் பொன் வாங்கும் தகப்பனுக்கும், கொடுக்கும் மாப்பிள்ளைக்கும் ராஜதண்டனை!

அப்பேர்ப்பட்ட நகரம் எங்கே போயிற்று? மண்மாரி பொழிந்து மூடிவிட்டது என்பது ஊர்க் கதை. தமிழ்நாடு தொல்லியல் துறை 1992-93-ல் இங்கே அகழாய்வு நடத்தியது. இடிந்து கிடந்த கோயில்கள் பல புதுப்பிக்கப்பட்டு விளக்கேறியிருக்கின்றன. சந்தோஷந்தான். ஆனால் தெய்வம் இல்லாத மண்மேட்டுக்குத் திருப்பணி செய்வார் யார்? கல் விழுந்தால் எடுத்து நிறுத்தலாம். கலப்பை கரைத்த மேட்டை மறுபடி கட்ட முடியாது.

அடுத்த முறை படவேடு போனால், அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டபின், மலைப்பக்கம் திரும்பி ஒரு நிமிஷம் நில்லுங்கள். கோட்டை இருந்ததற்குச் சாட்சி அந்த மண்தான்.