கிளீன் பண்ணினால் பல் ஆடுமா?

"பல்லைக் கிளீன் பண்ணினா ஆட ஆரம்பிச்சிரும்." தமிழ்நாடு முழுக்க இருக்கும் இந்தப் பயம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமும் உண்டு. காப்பாற்றியிருக்கக்கூடிய எத்தனையோ பற்கள் இந்தப் பயத்தாலேயே போகின்றன.

பல்லில் படியும் கிருமிப் படலம், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து சில நாட்களிலேயே காரையாக இறுகிவிடும். கீழ் முன்பற்களின் உட்பக்கத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று தட்டுப்பட்டால் அது காரைதான். ஈறுக்கு அடியில் அது இறங்க இறங்க ஈறு வீங்கும், பல் துலக்கும்போது ரத்தம் கசியும். பெரும்பாலும் வலி இருக்காது. அதனால்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. அதற்குள் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துகொண்டிருக்கும். எலும்பு பாதி கரைந்த பல்லுக்குச் சில சமயம் அந்தக் காரையே முட்டுக்கொடுத்து நிற்கும். அதை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது. பழி டாக்டர் மேல் விழுகிறது.

பால்கோவா மீதும் பழி போட வேண்டாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவானாலும் வேறு எந்த இனிப்பானாலும், அதனால் வருவது முக்கியமாகச் சொத்தைதான். ஈறைக் கெடுப்பவை காரையும், புகையிலையும், கட்டுப்படாத சர்க்கரை நோயும். புகைபிடிப்பவர்களுக்கு ரத்தக் கசிவு குறைவாகவே தெரியும் என்பதால் நோய் முற்றியபிறகே வெளிப்படும்.

மில்லிமீட்டர் கோடிட்ட மெல்லிய கம்பியை ஈறு ஓரத்தில் இறக்கி மருத்துவர் ஆழம் பார்ப்பார். 3 மி.மீ. வரை சரி. அதற்கு மேல் போனால் பல்லின் வேர் வரை சுத்தம் செய்ய வேண்டும். இன்னும் ஆழமென்றால் ஈறை விலக்கிச் செய்யும் அறுவை சிகிச்சை உண்டு. ஆடும் பல்லைப் பக்கத்துப் பற்களோடு பிணைத்தும் நிறுத்தலாம். கரைந்த எலும்பு தானாக வளராது. கடைசி வழிதான் பல்லை எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் அல்லது கட்டுப்பல் வைப்பது. பல் எடுத்த இடத்தில் கடித்துக்கொள்ளத் தருகிறார்களே காஸ் துணி, அதை நெய்வது ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் தறித் தொழில். அந்தத் துணி நம் வாய்க்குத் தேவைப்படும் நிலைவரை விட வேண்டியதில்லை.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தின் மூலம் வீட்டிலேயே சர்க்கரை மாத்திரை வாங்குகிறவர்கள், பல் மருத்துவரிடமும் ஒருமுறை ஈறைக் காட்டிவிடுங்கள். துலக்கும்போது ரத்தம் வந்தால், பிரஷ்ஷை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.